வடக்குக் கோடு

மிதவையில் ஏறுவதற்கு முன் உடம்பில் இருக்கும் இரும்பை எல்லாம் கழற்றிவிட வேண்டும். ஏரிக்கரையில் ஒரு நீல பிளாஸ்டிக் டப்பா இருக்கும். சாவி, ஹேர்பின், பெல்ட், கைக்கடிகாரம் எல்லாம் அதற்குள் போகும். டப்பாவுக்குப் பக்கத்தில் வடிவக்கா நின்று ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்ப்பார். சென்னையிலிருந்து வந்த ஓர் அதிகாரியின் செருப்பில் ஆணி இருப்பதைக் கண்டுபிடித்துக் கழற்ற வைத்தார். அந்த மனிதர் மூன்று மணி நேரம் சுடுகிற பலகையில் வெறுங்காலோடு நின்றார். "இரும்புச் சத்து மாத்திரை எதுவும் சாப்ட்ருந்தா சொல்லிராதீங்க சார், வயித்தையும் கழட்டி வைக்கச் சொல்லிரும்" என்று படகோட்டி அந்தோணி அவர் காதில் சொன்னார். வடிவக்காவுக்கும் அது கேட்டது. சிரித்தார். செருப்பை மட்டும் திருப்பித் தரவில்லை.

அந்த விதியை எழுதியவரே அவர்தான். அவரை மேலும் கீழும் பார்க்க மட்டும் அங்கே ஆள் இல்லை.

எங்கள் வேலை ஏரிகளின் அடியிலிருந்து சேறு எடுப்பது. நீளமான குழாய் ஒன்றைச் சேற்றில் செங்குத்தாக இறக்கி, நிரம்பியதும் உருவுவோம். பிறகு அதே துளையில் இரண்டாவது குழாயை இன்னும் ஆழத்துக்கு இறக்குவோம். உருவுவதற்கு முன், குழாய் சேற்றில் நிற்கும்போதே, அதன் மேல் வடக்கைப் பார்த்த பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டாக வேண்டும். வடிவக்கா திசைமானியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, முள் நிற்கும்வரை காத்திருந்து, "இங்கன" என்பார். நான் இரண்டடி தள்ளி, குழாயைக் கட்டிப் பிடித்தபடி தூரிகையை இழுப்பேன். கோடு முடியும்வரை மிதவையில் யாரும் பேசக் கூடாது. எனக்குப் பொதுவாகவே பேச்சு வராது. அந்த ஒரு நிமிடம் மட்டும் எல்லோரும் என்னைப் போல ஆகிவிடுவார்கள்.

அந்தக் கோடு எதற்கு என்பதை வடிவக்கா நீதிமன்றத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சேற்றையும் சாட்சியாக ஏற்கிற மண் சாட்சிச் சட்டம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தாலும் ஒவ்வொரு நீதிபதிக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

"ஏரித் தண்ணியில கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கு, ஐயா. ஒவ்வொண்ணு உடம்புக்குள்ளயும் ஒரு துளி இரும்புப் பொடி உண்டு. அது செத்து அடியில விழும்போது அன்னைக்கு வடக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாப் படுத்துக்கும். வடக்கு ஒரே இடத்துல நிக்கதில்ல. தினமும் ஒரு மயிரிழை நகரும். சூரியன்ல புயல் அடிச்சா வெடுக்குனு திரும்பும். அந்த ஆட்டம் அத்தனையும் சேத்துல பதிஞ்சு கிடக்கு. பூமி முழுசுக்கும் ஆட்டம் ஒண்ணுதான். ரெண்டு ஏரிச் சேத்தப் பக்கத்துல பக்கத்துல வச்சா வளைவுக்கு வளைவு பொருந்தும். தேதி தெரிஞ்ச ஏரிய வச்சுத் தேதி தெரியாத ஏரியப் படிச்சிரலாம்."

சேற்றின் ஆட்டத்தை இயந்திரம் ஒரு கோடாக வரைந்து தந்துவிடும். பொருத்திப் பார்க்கவும் இயந்திரம் இருந்தது. ஆனால் அது தடுமாறும் இடத்தில் வடிவக்காவைக் கூப்பிடுவார்கள். அவர் இரண்டு கோடுகளையும் கண்ணாடித் தாளில் எடுத்து, ஜன்னலில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, விரல் நுனியால் மெல்ல நகர்த்துவார். ஒரு முறை நார்வேயிலிருந்து ஒரு குழாயின் கோடு வந்தது. அங்கே மலைகளுக்கு நடுவே கடல் ஒரு நீண்ட சந்து போல உள்ளே நுழையுமாம். ஃபியோர்டு என்பார்கள். அதன் அடியில் கிடந்த சேறு எந்தக் காலத்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வடிவக்கா அதை எங்கள் மலை ஏரி ஒன்றின் கோட்டின் மேல் வைத்து அரை மணி நேரம் நகர்த்தினார். திடீரென்று இரண்டும் ஒன்றாகி, ஒரே கோடு போலத் தெரிந்தது. பனிக்கடல் சேறும் எங்கள் ஊர்ச் சேறும் ஒரே நாளில் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. நான் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் எனக்கு அதுவே சரி.

முள்ளிமலை அணை வழக்கும் அவரிடம்தான் வந்தது.

நவம்பர் ஏழாம் தேதி வந்த வெள்ளத்தில் அணைக்குக் கீழே ஓடைக்கரைக் குடியிருப்பு அடித்துக்கொண்டு போனது. பத்தொன்பது பேர் இறந்தார்கள். மதகை இயக்குபவர் சுடலைமணி, தண்ணீர் ஏறுவதைப் பார்த்து மூன்றாம் தேதியே யாரிடமும் கேட்காமல் மதகைக் கொஞ்சம் திறந்துவிட்டதாகவும், ஓடைக்கரைக்குப் போய் எல்லோரையும் மேட்டுக்குப் போகச் சொன்னதாகவும், பாதிப் பேர்தான் போனார்கள் என்றும் சொன்னார். அணை நிர்வாகம் இல்லை என்றது. ஏழாம் தேதிவரை மதகு மூடியே இருந்தது, இவர் பயந்துபோய் ஒரேயடியாகத் திறந்ததால்தான் அத்தனை சாவும் என்றது. பதிவேடு வெள்ளத்தில் போய்விட்டது. ஓடை மூன்றாம் தேதியே சிவப்பாக ஓடியதைப் பார்த்தோம் என்று ஐந்து பேர் சாட்சி சொன்னார்கள். மனிதர் சொல்லும் மண் சொல்லும் வேறுபட்டால் மண் சொல்வதையே எடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்ததால், மண் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

மதகைத் திறந்ததும் அணையின் அடியில் கிடந்த செம்மண் ஓடையில் இறங்கி, கீழக்கசம் என்கிற ஏரியின் அடியில் ஒரு சிவப்பு வரியாகப் படிந்திருக்கும். நவம்பர் ஆறாம் தேதி ஒரு பெரிய சூரியப் புயல் அடித்து வடக்கை ஐந்து டிகிரி திருப்பியிருந்தது. காட்டுக்குள் யாரும் கலக்காத மேலக்கசம் என்கிற ஏரியின் சேற்றில் அந்தத் திருப்பம் தெளிவாக இருந்தது. ஆகக் கேள்வி ஒன்றே ஒன்றுதான். கீழக்கசத்துச் சேற்றில் செம்மண் வரி புயலுக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா? கீழே இருந்தால் அது புயலுக்கு முன்னால் விழுந்தது, சுடலைமணி சொன்னது உண்மை. மேலே இருந்தால் பொய்.

அந்தச் சேற்றை எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் குழாய் ஒழுங்காக வந்தது. இரண்டாவதை இறக்கும்போது கயிறு நழுவி வடிவக்காவின் கழுத்தில் உரசிக்கொண்டு போனது. தாலிச் சங்கிலியின் கொக்கி அறுந்துவிட்டது. அவர் சங்கிலியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அன்று காலை அவர் கணவருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை. எவ்வளவு சொல்லியும் கேட்காமல், வழக்குத் தேதி நெருங்குகிறது என்று மிதவைக்கு வந்திருந்தார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வளையலில் எப்போதும் ஐந்து ஊக்கு கோத்து வைத்திருப்பேன். முழுக்கைச் சட்டைக்குள் அது தெரியாது. டப்பாவில் போடச் சோம்பல்பட்டு அன்றும் அப்படியே வந்திருந்தேன். அதில் ஒன்றைக் கழற்றி நீட்டினேன். அவர் வாங்கிச் சங்கிலியின் இரு முனைகளையும் சேர்த்து மாட்டி, ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டார். ஊக்கு உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. பிறகு திசைமானியை நெஞ்சோடு பிடித்து, "இங்கன" என்றார். நான் கோடு போட்டேன். அவருக்கு உதவியாக இருந்தோம் என்று அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு குழாய்களின் வெள்ளைக் கோடுகளையும் ஒரே நேராக வைத்துச் சேர்த்து, இயந்திரத்தில் ஓட்டினார்கள். செம்மண் வரிக்குச் சற்றுக் கீழே ஐந்து டிகிரி திருப்பம் இருந்தது. மேலே, வெள்ளம் கொண்டு வந்த மணலின் அடியை ஒட்டி இன்னொரு சின்ன வளைவு தெரிந்தது. மணல் கலக்கியது என்று அதை விட்டுவிட்டார்கள். வடிவக்கா ஜன்னலில் வைத்துப் பார்த்து, பொருந்துகிறது என்று கையெழுத்திட்டார். செம்மண் புயலுக்கு மேலே. சுடலைமணிக்குப் பத்து வருடம்.

தீர்ப்பு வந்து ஆறு மாதம் கழித்து, சேற்றுக் குழாய்களைக் கழுவும் வேலைக்கு ஓர் அம்மா சேர்ந்தார். பெயர் முப்பிடாதி. சுடலைமணியின் மனைவி என்று தெரிந்ததும் எங்களில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் யாரிடமும் கோபப்படவும் இல்லை. வேலையை நன்றாகச் செய்தார். பத்தாம் நாளோ என்னமோ, என்னிடம் வந்து நின்றார்.

"ஏளா கோமு, எங்க வீட்டுக்காரரப் பொய்யன்னு சொன்ன மண்ணு இங்கனதான் இருக்காம்லா. எனக்கு ஒரு தடவ காட்டுதியா?"

காட்டக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. குளிர் அறைக்குக் கூட்டிப்போய்த் தட்டை இழுத்துக் காட்டினேன். இரண்டாகப் பிளந்த சேறு, பிளாஸ்டிக் தாளுக்குள் ஈரம் மாறாமல் கிடந்தது. அவர் வெகு நேரம் பார்த்தார். செம்மண் வரியைத் தாளின் மேலேயே விரலால் தடவினார்.

"இது அவரு தொறந்துவிட்ட தண்ணி. அதுல சந்தேகம் இல்லியே?"

"இல்லக்கா."

"இதுக்குக் கீழ என்னமோ வெட்டிருக்கே, அது என்ன?"

"வெட்டு இல்ல. ரெண்டு குழாயும் சேருத இடம்."

"அப்பம் புயலு எங்க இருக்கு?"

நான் அதே இடத்தைத்தான் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அவர் என் விரலையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே இடத்துலயா?" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. தெரியாமல் கேட்டார்.

நான் விரலை எடுத்துக்கொண்டேன். முதல் குழாய்க்கு ஒரு வடக்கும் இரண்டாவது குழாய்க்கு வேறொரு வடக்கும் காட்டியிருந்தால், சேருகிற இடத்தில் ஒரு திருப்பம் தெரியும். எந்தப் புயலும் அடிக்க வேண்டாம். உண்மையான புயல், மணல் கலக்கியது என்று விட்டுவிட்ட அந்தச் சின்ன வளைவாக இருக்கும். அது செம்மண் வரிக்கு மேலே இருந்தது. இரண்டு குழாய்க்கும் நடுவே மிதவையில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும்.

முற்றத்துக்கு ஒரு திசைமானியை எடுத்துக்கொண்டு போய், வளையலை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். முள் என் கையைப் பார்த்துத் திரும்பியது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. எனக்கு வளையலை விட அந்தச் சங்கிலியின் நினைவுதான் வந்துகொண்டிருந்தது. இதைச் சொன்னால் வடிவக்காவின் கையெழுத்து பொய்யாகிவிடும். இந்தத் தப்பில் மட்டும் அது நிற்காது, அவர் அதுவரை பொருத்திய எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். சொல்லாவிட்டால் ஒரு மனிதர் இன்னும் ஒன்பதரை வருடம் உள்ளே இருப்பார். கடைசியில் எனக்கு ஒரு வழி தோன்றியது. தப்பு முழுவதும் என் வளையலால்தான் என்று ஆகிவிட்டால் இரண்டு பேரும் பிழைப்பார்கள்.

வாயால் சொல்ல வராது என்பதால் இரண்டு பக்கம் எழுதினேன். என் வளையலில் ஊக்குகள் இருந்தன, அவை முள்ளை இழுத்திருக்க வேண்டும் என்று எழுதினேன். அவருக்குக் கொடுத்ததை எழுதவில்லை.

வடிவக்கா நின்றபடியே படித்தார். ஒரு கை தானாகக் கழுத்துக்குப் போனது. பிறகு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா கோமு?"

"ஆமாக்கா."

அவர் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. அன்றைக்கே மறுசோதனை கேட்டு மனுப் போட்டுவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் விசாரணை அலுவலர் தேவசகாயம் கீழக்கசத்துக்கு வந்தார். காலை பத்து மணி. நீல டப்பா கரையில் இருந்தது. அலுவலர் பெல்ட்டைக் கழற்றி வேட்டியைப் பிடிப்பது போலக் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்தோணி அதற்கும் ஏதோ சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சோதனைக்காக வளையலில் ஊக்குகளோடு போகலாம் என்றார்கள். வடிவக்கா எல்லோரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கடைசியாக ஏறினார். குழாய் கழுவ முப்பிடாதியக்காவும் வந்திருந்தார். மிதவையின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாயை இறக்கினோம். திசைமானியை ஒரு மர முக்காலியில் நெஞ்சு உயரத்துக்கு நிறுத்தினார்கள். அன்று நின்ற அதே இடத்தில், இரண்டடி தள்ளி, குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். முள் அசையவில்லை. கையை நீட்டச் சொன்னார்கள், மடக்கச் சொன்னார்கள். நான் மனதுக்குள் அந்த முள்ளைக் கெஞ்சினேன். அது அசையவே இல்லை. இரண்டடி என்பது ஊக்குக்கு வெகு தூரம்.

தேவசகாயம் பெருமூச்சு விட்டு எழுத ஆரம்பித்தார். கோமதி என்கிற பணியாளரின் வளையல் ஊக்குகளால் திசைமானிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, தீர்ப்பை மாற்ற முகாந்திரம் இல்லை என்று எழுதியபடியே வாசித்தார். முப்பிடாதியக்கா திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

"முதல் பாதிய மட்டும் எழுதிக்கிடுங்க" என்றார் வடிவக்கா. "கோமு கையால தப்பு நடக்கல்லன்னு. எழுதியாச்சா?"

"எழுதியாச்சு மேடம்."

"கையெழுத்துப் போட்டுருங்க."

அவர் போட்டார்.

"இப்பம் அவகிட்ட, அன்னைக்கு எத்தன ஊக்கு கொண்டுவந்தான்னு கேளுங்க."

தேவசகாயம் என்னைப் பார்த்தார். "நாலு" என்றேன்.

"அஞ்சு" என்றார் வடிவக்கா.

ரவிக்கைக்குள்ளிருந்து சங்கிலியை வெளியே எடுத்தார். அன்று அறுந்த கொக்கியை மறுநாளே மாற்றியிருந்தார். அதை இன்று வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, மேசை இழுப்பறையில் கிடந்த அதே ஊக்கை அதே இடத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். டப்பாவைத் தாண்டி அவர் இரும்போடு ஏறியதை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

முக்காலியிலிருந்து திசைமானியை எடுத்து எப்போதும் போல நெஞ்சோடு பிடித்தார். முள் மெல்லத் திரும்பி நின்றது. தேவசகாயம் குனிந்து பார்த்தார். ஐந்து டிகிரி.

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சத் தொறந்து ஆபரேஷன்" என்றார் வடிவக்கா. "சங்கிலி அறுந்ததும் எனக்குக் கை கால் ஓடல்ல. அஞ்சு நிமிசம் அதக் கரையில வச்சுட்டு வேலையப் பாத்திருக்கணும். மனசு வரல்ல. இந்தப் பிள்ளைக்கு ஊக்கு எங்க இருந்து வந்துச்சுன்னும் கேக்கல்ல. வேற யாராவது இதச் செஞ்சிருந்தா மிதவைய விட்டு இறக்கிருப்பேன்."

தேவசகாயம் பேனாவை மூடித் திறந்தார். "மேடம், இத எழுதினா நீங்க சாட்சி குடுத்த மத்த பதினோரு வழக்கும் திரும்ப விசாரணைக்கு வரும். தெரியும்ல?"

"வரணும். அதுக்கும் மனு எழுதிக் கொண்டாந்திருக்கேன்." பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். என் கடிதத்தைப் போலவே நான்காக மடித்திருந்தார். "மண்ணு பொய் சொல்லாதுன்னு கோர்ட்டுல எழுதி மாட்டிருக்காங்க. எடுக்கது நாமதான்னு யாரும் எழுதல்ல. நானும் சொல்லல்ல. அது என் தப்பு."

அடுத்து நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று எடுத்த புதிய சேற்றில் செம்மண் வரி புயலுக்கு மூன்று நாள் கீழே இருந்தது. சுடலைமணி பங்குனியில் வீட்டுக்கு வந்தார். பதினோரு வழக்கையும் தோண்டினார்கள். பத்தில் வடிவக்காவின் பொருத்தம் மயிரிழை பிசகவில்லை. ஒன்று இன்னும் முடியவில்லை. கோடு பொருத்தும் வேலையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். இப்போது நீல டப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நிற்க வேண்டும், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும் என்று விதி. அதை எழுதியவரும் அவர்தான்.

ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு முன்னால் வருவது வேறு. மனுவைக் கொடுத்துவிட்டு அவர் ஊக்கைக் கழற்றினார். அதை வாங்கி அந்தோணி கரைக்குக் கொண்டுபோனார். சங்கிலி அறுந்தது போல வடிவக்காவின் கையில் தொங்கியது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் நின்றார். அவர் முகத்தை யாரும் பார்க்க விரும்பவில்லை.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த முப்பிடாதியக்கா எழுந்தார். சேலை முந்தானையின் விளிம்பிலிருந்து நீளமாக ஒரு நூலை உருவி, பல்லால் கடித்து அறுத்து, முறுக்கினார். வடிவக்காவின் பின்னால் போய் நின்று, சங்கிலியின் இரு முனைகளையும் வாங்கிச் சேர்த்து, மூன்று முடிச்சுப் போட்டார். ஏழு மாதமாக அவர் மனதில் என்னென்ன இருந்ததோ, கையில் அது தெரியவில்லை.

"நூலுக்கு முள்ளு ஆடாதுல்லா?" என்று கேட்டார்.

வடிவக்கா முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தார். திசைமானியை என் பக்கம் நீட்டினார். அதுவரை அதை நான் துடைக்க மட்டுமே தொட்டிருக்கிறேன். வளையலைக் கழற்றி, கரையிலிருந்து திரும்பியிருந்த அந்தோணியிடம் கொடுத்தனுப்பிவிட்டு, திசைமானியை வாங்கி நெஞ்சோடு பிடித்தேன். வடிவக்கா தூரிகையை எடுத்துக்கொண்டு குழாயைக் கட்டிப் பிடித்தார். மிதவை அமைதியானது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

முள் நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இங்கன" என்றேன்.